ஆமாக்காவின் முதல் வேண்டாம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஏதோ ஒரு சான்றிதழில் அது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்ப வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. தெரு முழுவதற்கும் அவள் ஆமாக்கா.

அழகு நிலையத்தில் முடி வெட்டுவது அவள் தொழில். நாற்காலியில் வந்து உட்காருகிறவர் என்ன சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் புறப்படுவது "ஆமா". வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றால், ஆமா. அப்படி ஒன்றும் வெயில் இல்லையே என்று பக்கத்து நாற்காலி சொன்னால், அதற்கும் ஆமா. ஒருமுறை ஒரே வீட்டு மாமியார் ஒரு நாற்காலியிலும் மருமகள் இன்னொன்றிலும் உட்கார்ந்து, ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி ஆமாக்காவின் காதில் தன் கஷ்டத்தை ஓதினார்கள். இந்தக் காதுக்கு ஒரு ஆமா, அந்தக் காதுக்கு ஒரு ஆமா. இரண்டு பேரும் எழுந்து போகும்போது, "பார்த்தாயா, ஊரே என் பக்கம்" என்ற முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் சண்டையே வரவில்லையாம். இரண்டு பேருமே ஜெயித்துவிட்டதால் சண்டை போட ஆள் இல்லை.

இதைக் கோழைத்தனம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காதோரம் கத்தரியை வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்யக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. எதிர்த்துப் பேசினால் தலை திரும்பும். தலை திரும்பினால் கத்தரி திரும்பும். அப்புறம் காதைத் தேடி எடுத்து ஒட்டுவது யார்?

கடை அவளுடைய நாத்தனாருடையது. கணவனுக்கு மூத்தவள். வாசலை ஒட்டிக் கல்லா மேஜை போட்டு அதன் பின்னால் உட்கார்ந்திருப்பாள். வருகிறவரின் தலையைப் பார்த்தே அவர் எவ்வளவு நேரம் பேசுவார் என்று சொல்லிவிடுவாள். கடைக்கு வரும் ஒரு பெண்மணிக்கு முடி எவ்வளவு அடர்த்தி என்றால், ஒரு மாதம் அதற்குள் காணாமல் போன சீப்பு அடுத்த மாதம்தான் அகப்பட்டது. கூடவே யாருடையது என்றே தெரியாத ஒரு கிளிப்பும் வந்தது. அந்தக் கிளிப்பையும் நாத்தனார் துடைத்து, விலை ஒட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டாள். அவ்வளவு கெட்டிக்காரி.

அப்படிப்பட்டவளிடம் போய் ஆமாக்கா ஒரு நாள், "அண்ணி, நான் சாயங்காலம் காலேஜுக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றாள்.

கல்லாப் பெட்டி தானாக மூடிக்கொண்டது.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் ஆனவள் அவள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மாலைக் கல்லூரியை நாள்தோறும் கடந்து போவாள். வேலையை முடித்துவிட்டுப் பையும் கையுமாக உள்ளே நுழைகிறவர்களைப் பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று அவளை இழுக்கும். இழுத்து இழுத்து ஒரு நாள் அவளையே உள்ளே கொண்டுபோய் விட்டது. விண்ணப்பம் போட்டாள், இடமும் கிடைத்தது.

"சாயங்காலம்தான் கடையில கூட்டமே" என்றாள் நாத்தனார்.

"ஆமா அண்ணி."

"ரெண்டாவது நாற்காலி சும்மா கிடக்கும்."

"ஆமா அண்ணி."

"அப்புறம் எதுக்குப் போற?"

இதற்கு ஆமா சொல்ல முடியாததால் ஆமாக்கா பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தைப் பார்த்து நாத்தனாருக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

"சரி, போ. ஆனா முதல் வருஷத்துல ஒரு பேப்பர் போச்சுன்னாலும் காலேஜுக்கு ஒரு கும்பிடு. சாயங்காலம் மறுபடி என் நாற்காலிக்கு வந்துடணும். சம்மதமா?"

"ஆமா அண்ணி."

மற்ற பாடங்களெல்லாம் வழவழவென்று போயின. வரலாற்றில் ராஜாக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள், ஆமாக்கா இரண்டு பக்கத்துக்கும் அனுதாபப்பட்டுத் தேறினாள். இடறியது கட்டுரைப் பாடத்தில்தான்.

அந்தப் பாடத்துக்கு வந்த விரிவுரையாளர் சின்னப் பெண். பெரிய கண்ணாடி, இறுக்கிப் பின்னிய ஒற்றைப் பின்னல். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஏன்மேடம். வருகைப் பதிவின்போது "உள்ளேன் மேடம்" என்று சொல்பவரைக்கூட "ஏன்?" என்று கேட்டுவிடுவாள் என்று பேச்சு. அப்படி ஒரு பையனைக் கேட்டு, அவன் யோசித்துப் பார்த்து, தான் எதற்காக உள்ளே இருக்கிறோம் என்று தெரியாமல் வீட்டுக்கே போய்விட்டான் என்றும் சொன்னார்கள்.

ஆமாக்காவையும் ஏன்மேடத்தையும் ஒரே அறைக்குள் போட்டது விதியின் குறும்பு. வேறு எப்படிச் சொல்வது?

முதல் கட்டுரை, மாணவர்களுக்குக் கைபேசி தேவையா என்பது. கடையில் வந்து உட்கார்ந்தவரிடம் எடுத்த எடுப்பில் கத்தரியைத் தூக்கக் கூடாது. பிள்ளைகள் சௌக்கியமா, தண்ணீர் வருகிறதா என்று நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் தலையில் கை வைக்க வேண்டும். கட்டுரைக்கும் அதே மரியாதையைக் கொடுத்தாள் ஆமாக்கா. உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆரம்பித்தாள். நெருப்பு வந்தது, சக்கரம் வந்தது, மனிதன் பேசக் கற்றுக்கொண்டான். கைபேசி வந்து சேரும்போது தாள் தீர்ந்துவிட்டது.

"உலகம் தோன்றினதை விட்டுடுங்க. அது உங்க உதவி இல்லாமயே தோன்றிடுச்சு" என்று ஏன்மேடம் முதல் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தாள். "கைபேசி வேணுமா வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

இரண்டாவது, தேர்வுகளை ஒழிக்கலாமா என்ற கட்டுரை. இந்த முறை ஆமாக்கா நூலகத்தில் பழியாய்க் கிடந்து பெரிய பெரிய புத்தகங்களாகப் படித்தாள். ஒழிக்க வேண்டும் என்று எழுதிய அறிஞரை மேற்கோள் காட்டி, "இது நூற்றுக்கு நூறு உண்மை" என்று எழுதினாள். அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிய இன்னொரு அறிஞரை அடுத்த பத்தியில் வரவழைத்து, "இதையும் யாரால் மறுக்க முடியும்" என்றாள். இப்படியே ஒருவர் பின் ஒருவராக எல்லாரையும் உட்காரவைத்து உபசரித்தாள். கடைசி வரியில், "ஆகவே அனைவரின் கருத்தும் போற்றத்தக்கதே" என்று மங்களம் பாடினாள்.

ஏன்மேடம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பெஞ்சுக்கே வந்துவிட்டாள்.

"இத்தனை பேரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கீங்க. எல்லாரும் அடிச்சுக்கறாங்க. வீட்டுக்காரம்மா எங்க?"

"நான் எல்லாருக்கும் தண்ணி குடுத்துட்டு இருந்தேன் மேடம்."

"தண்ணி குடுத்தது போதும். நடுவுல வந்து உக்காருங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நீங்க என்ன சொல்றீங்களோ அதேதான் மேடம்."

வகுப்பு சிரித்தது. ஏன்மேடம் சிரிக்கவில்லை.

"ரெண்டு கட்டுரை போச்சு. இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் இப்படியே வந்தா இந்தப் பேப்பர் போயிடும். தலைப்பு உங்க இஷ்டம், நல்லாத் தெரிஞ்ச விஷயமா எடுத்துக்கங்க. ஆனா ஒரு பக்கம் நிக்கணும். ஏன் நிக்கறீங்கன்னு சொல்லணும். எதிர்ப் பக்கம் இருக்கறவங்க என்ன கேப்பாங்கன்னு அவங்க வாயாலயே சொல்லணும். அப்புறம் அதுக்குப் பதில் சொல்லணும்." போகப் போனவள் திரும்பி, "ஆமா, கடைசியா எப்ப யார்கிட்டயாவது இல்லன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் ஆமாக்கா யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் "பாடத் தெரியுமா?" என்று மாப்பிள்ளை கேட்டதற்குக்கூட ஆமா என்றுதான் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பாட வராது. "இன்னொரு நாள்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள். அந்த மனிதர் இன்னும் அந்தப் பாட்டுக்காகக் காத்திருப்பதாக அவளுக்கு நினைப்பு.

அவர் குழாய் ரிப்பேர் செய்பவர். மனிதர்களோடு பேசுவதை விடக் குழாய்களோடு பேசுவதே அதிகம். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்னங்க, நான் உங்ககிட்ட எப்பவாவது இல்லன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல" என்றது தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டீங்க."

"ஸ்பானர எடு."

"ஆமா" என்று எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் கடையில் தரையைக் கூட்டும்போது தலைப்பு கிடைத்துவிட்டது. அழகு நிலையத்தில் உண்மை பேச வேண்டுமா? பேச வேண்டும் என்ற பக்கம்தான் நிற்பது என்று முடிவு செய்தாள். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. இத்தனை காலம் நின்ற பக்கம் அலுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிடலாமே என்று தோன்றியது. அங்கேதான் வினை.

அன்றைக்கு முதலில் வந்து உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பின்னல் போட்ட பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கும் அவரைக் கண்டால் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். தலைக்குச் சாயம் போட வருவார். நரையே இல்லாத ஒரு கறுப்பு, இரவில் மின்சாரம் போனால்கூடத் தனியாகத் தெரியும் கறுப்பு, அதுதான் வேண்டும் அவருக்கு. ஆமாக்கா பாதித் தலைக்குச் சாயத்தைப் பூசி முடித்திருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் தலைமையாசிரியை கண்ணாடியைப் பார்த்து.

ஆமாக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "வேண்டாம் டீச்சரம்மா."

"எது வேண்டாம்?"

"இந்தக் கறுப்பு."

"ஏன்?"

இந்த இடத்தை ஆமாக்கா எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவதற்கே எல்லா பலமும் செலவாகிவிட்டது. ஆமாவுக்கு இதுவரை யாரும் காரணம் கேட்டதில்லை. வேண்டாமுக்கு மட்டும் கேட்பார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லி வைக்கவும் இல்லை.

"சும்மா" என்றாள்.

தலைமையாசிரியை எழுந்தே விட்டார். "சும்மாங்கற பதிலுக்கு நான் எத்தனை பேரை பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன்னு தெரியுமா உனக்கு? காரணம் சொல்லத் தெரியாதவளுக்குக் கருத்து ஒரு கேடா?" கழுத்தில் கட்டிய கறுப்புத் துணியோடு, பாதிச் சாயத் தலையோடு, கடையை விட்டு இறங்கி நடந்தார்.

அன்று தெருவின் இடது பக்கக் கடைக்காரர்கள் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் வேகமாகப் போவதைப் பார்த்தார்கள். வலது பக்கத்தார் எழுபது வயது அம்மாள் ஒருவர் அதே வேகத்தில் போவதைப் பார்த்தார்கள். சாயங்காலம் டீக்கடையில் இரண்டு பக்கத்தாரும் சந்தித்தபோது, அம்மாவும் மகளும் சேர்ந்தே போனார்கள் என்று ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்.

நாத்தனார் அன்று மூச்சு விடாமல் திட்டினாள். "உன் காலேஜ் பாடத்தை என் நாற்காலியிலயா ஒப்பிக்கற? இங்க யாராவது உண்மை தெரிஞ்சுக்க வர்றாங்களா? உண்மை சொல்றதுக்கு வீட்டுல கண்ணாடி இருக்கு, புருஷன் இருக்கான், வளர்ந்த பிள்ளைங்க இருக்கு. நாள் முழுக்க இது சரியில்ல, அது சரியில்லன்னு கேட்டுட்டு, ஒரே ஒரு ஆமா கேக்கலாம்னுதான் இந்தப் படி ஏறி வர்றாங்க. அதையும் பிடுங்கிக்கிட்டா அவங்க எங்க போவாங்க?"

ஆமாக்கா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள்.

எதிர்ப் பக்கத்தின் வாதம் அவர்கள் வாயாலேயே கிடைத்தால் விட முடியுமா? ஒரு வார்த்தை விடாமல் கட்டுரையில் சேர்த்தாள். சேர்த்துவிட்டுப் படித்துப் பார்த்தால் அவளுக்கே கைதட்டத் தோன்றியது. அதற்கு அப்புறம் தன் பக்கத்தில் சொல்ல ஒன்றுமே மிச்சம் இல்லை. முதல் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"எதிர்ப் பக்கம் ஜெயிச்சிடுச்சே" என்றாள் ஏன்மேடம்.

"ஆமா மேடம். அண்ணி நல்லாப் பேசுவாங்க."

"அப்ப மார்க்கை அண்ணிக்குப் போட்டுடவா?"

ஆமாக்கா தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். ஏன்மேடம் கொடுக்கவில்லை.

"எதிர்ப் பக்கத்தை இவ்வளவு நல்லா எழுதினது தப்பே இல்ல. பாதிப் பேர் அதை ஒரு வரியில அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்க. ஆனா பதில் எங்க? வெள்ளிக்கிழமை கடைசி நாள். உங்க பக்கத்தை முதல்ல நீங்க நம்பறீங்களான்னு பாருங்க."

வியாழக்கிழமை வந்தது. பதில் வரவில்லை. மத்தியானம் ஆமாக்கா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். சுவரோரப் பெஞ்சில், தலையில் துணி கட்டியபடி தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். மன்னித்துவிட்டு வரவில்லை. மீதிப் பாதிக்கு அதே கறுப்பு வேறெந்தக் கடையிலும் கிடைக்காததால் வந்திருந்தார். நாத்தனாரே போட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை வேறு. நாத்தனார் கிண்ணத்தில் சாயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ஏன்மேடம் உள்ளே வந்தாள்.

"ஓ, இதுதானா அந்தக் கடை" என்றாள். அவளுக்கும் ஆச்சரியம்தான். பேருந்துக்குக் காத்திருந்தவள் பலகையைப் பார்த்து ஏறி வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணனுக்குக் கல்யாணம்.

வந்திருப்பது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாத்தனார் கிண்ணத்தை வைத்துவிட்டு, முகம் முழுக்கச் சிரிப்பாக நாற்காலியைத் தட்டிக் கொடுத்தாள். போகிற போக்கில் ஆமாக்காவின் காதில், "இன்னிக்காவது வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. உன் பேப்பரே இந்தக் கையிலதான் இருக்கு" என்றாள்.

ஏன்மேடம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். நெற்றி முழுவதும் மூடும்படி முன்முடியை நேராக வெட்டி, பட்டுத் திரை மாதிரி தொங்கவிட்ட ஒரு பெண்ணின் படம்.

"இதே மாதிரி வெட்டிடுங்க. எனக்கு நல்லா இருக்கும் இல்ல?"

ஆமாக்கா பின்னலைப் பிரித்தாள். விரல்களை முடிக்குள் விட்டுப் பார்த்தாள். முன்நெற்றியில் சுழி ஒன்று இருந்தது. சாதாரணச் சுழி இல்லை. ஆற்றில் இருந்திருந்தால் படகையே இழுத்திருக்கும். ஆமா என்ற சொல் வழக்கம்போலப் புறப்பட்டு, நாக்கு நுனி வரைக்கும் வந்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு நின்றது. ஆமாக்கா வாயை மூடி அதை உள்ளேயே வைத்துப் பூட்டினாள்.

"வேண்டாம் மேடம்" என்றாள்.

நாத்தனார் கையிலிருந்த தூரிகை கீழே விழுந்தது.

"ஏன்?" என்றாள் ஏன்மேடம். கோபத்தில் கேட்கவில்லை. பழக்க தோஷம்.

"சும்மான்னு சொல்லுவா பாருங்க" என்றார் பெஞ்சிலிருந்து தலைமையாசிரியை.

"மூணு காரணம் இருக்கு மேடம்" என்றாள் ஆமாக்கா. அவளுக்கே குரல் யாருடையதோ மாதிரி கேட்டது. "முன்னால உங்களுக்குச் சுழி இருக்கு. வெட்டினா முடி தொங்காது, நிக்கும். ரெண்டாவது, உங்க முடி காய்ஞ்சதும் சுருங்கற ஜாதி. ஈரத்துல நான் புருவம் வரைக்கும் வெட்டினா, காய்ஞ்சப்புறம் அது பாதி நெத்திக்கு ஏறிடும். மூணாவது, உங்களுக்குச் சின்ன முகம். நல்லா இருக்காது."

"முதல் காரணத்துக்கு ஆதாரம்?"

ஆமாக்கா சுழியில், பின்னலுக்கு எட்டாத குட்டை முடியிலிருந்து சின்னதாக ஒரு கற்றையை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். நெற்றியோடு சேர்த்து அழுத்திச் சீவி, டிரையரைக் காட்டிவிட்டுக் கையை எடுத்தாள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் மாணவன் மாதிரி கற்றை விறைத்துக்கொண்டு எழுந்தது.

"அது வாஸ்தவம்" என்றார் தலைமையாசிரியை. தலைத்துணியோடு அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

"ரெண்டாவது?"

அந்தக் குட்டை முடியில் ஒன்றைப் பிடித்து மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டாள். சுருள் கம்பி போல அது மேலே ஓடியது.

"சரி. மூணாவது? நல்லா இருக்காதுன்னீங்களே?"

"அது பாத்தாலே தெரியுது மேடம்."

"யார் பாத்தா?"

"நான்."

"அது ஆதாரம் இல்ல, அபிப்பிராயம். போகட்டும். எதிர்ப் பக்கம் என்ன சொல்லும்?"

"எதிர்ப் பக்கம் இங்கதான் நிக்குது" என்றாள் நாத்தனார், இதற்கு மேல் பொறுக்க முடியாமல். "ஏம்மா, கேட்டதைச் செஞ்சு சந்தோஷமா அனுப்பி வைக்காம, வந்தவங்களை உக்காரவெச்சு என்ன விசாரணை இது?"

ஆமாக்கா சீப்பைக் கீழே வைத்துவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள். வெள்ளிக்கிழமைக்குத் தேடித் தேடிக் கிடைக்காத பதில் தானாக வந்து வாயில் உட்கார்ந்தது.

"நீங்க சொல்றது சரிதான் அண்ணி. ஒரு ஆமா கேக்கத்தான் வர்றாங்க. ஆனா நான் சொல்ற ஆமா நம்ம கடை வாசப்படியோட நின்னுடும். அதுக்கு அப்புறம் தலை மட்டும்தான் அவங்ககூட வீட்டுக்குப் போகுது. அதுவும் இல்லாம, நான் எல்லாத்துக்கும் ஆமா சொல்லிட்டிருந்தா, நிஜமாவே நல்லா இருக்கறப்ப நான் சொல்ற ஆமாவுக்கு என்ன மதிப்பு? நீங்க புதுசா ஏதாவது உடுத்திட்டு வந்து நல்லா இருக்கான்னு என்கிட்ட எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

நாத்தனார் கீழே விழுந்த தூரிகையைக் குனிந்து எடுத்தாள். கேட்டதில்லை. தெருக்கோடித் தையல்காரியிடம் போய்த்தான் கேட்பாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எழுந்தே போயிருக்க மாட்டேன்" என்றார் தலைமையாசிரியை.

ஏன்மேடம் கைபேசிப் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "நல்ல வாதம்" என்றாள். "இப்ப வெட்டுங்க."

"மேடம்?"

"வாதம் நல்ல வாதம். தலை என்னோட தலை. வெட்டுங்க."

ஆமாக்கா வெட்டினாள். வெட்டு நேராக வந்தது. டிரையரைப் போட்டாள். சொன்னது சொன்னபடியே நடந்தது. முன்முடி முதலில் யோசித்தது, பிறகு சுருங்கியது, பிறகு மொத்தமாக எழுந்து கொண்டை போட்ட பறவை மாதிரி நின்றது. நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தலைமையாசிரியை மட்டும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன்மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

கதை இந்த இடத்தில் ஆமாக்காவுக்குச் சாதகமாகத் திரும்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். திரும்பவில்லை. அந்தச் சின்ன முகத்துக்கும், பெரிய கண்ணாடிக்கும், விறைத்து நின்ற அந்த முடிக்கும் அப்படி ஒரு பொருத்தம். இத்தனை நாள் கேட்ட ஏன் எல்லாம் தலைக்குள் இடம் போதாமல் நெற்றிக்கு மேல் முளைத்து வந்துவிட்டது போல இருந்தது. இறுக்கிப் பின்னிய பின்னலில் காணாமல் போயிருந்த முகம் வெளியே வந்து நின்றது.

எல்லாரும் ஆமாக்காவைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றாள் அவள், தோற்ற குரலில்.

"இது ஆமாவா, உண்மையா?"

"உண்மை மேடம். மூணாவது காரணம் தப்பு."

"அதையும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏன்மேடம் இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் ஆமாக்கா நூலக மேஜையில் உட்கார்ந்து கட்டுரையை மறுபடி முதலிலிருந்து எழுதினாள். இந்த முறை உலகம் தோன்றவில்லை, சக்கரம் உருளவில்லை. முதல் வரியே, "இன்று மத்தியானம் ஒருவருடைய தலையைப் பற்றி நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று இருந்தது. தவறாகிப் போனாலும் சொன்னது சரிதான் என்பது அவள் கட்சி. காரணத்தோடு வேண்டாம் என்று சொன்னதால்தான், எது நடக்கும் என்று தெரிந்தே அந்தப் பெண் தன் தலையைப் பற்றித் தானே முடிவு செய்ய முடிந்தது. வெறும் ஆமா சொல்லியிருந்தால் அந்த முடிவையும் சேர்த்து வெட்டிக் கூட்டித் தள்ளியிருப்போம். நாத்தனாரின் வாதத்தை அப்படியே வைத்திருந்தாள். அதன் கீழே, துண்டை உதறுவது மாதிரி உதறி, தன் பதிலை விரித்தாள். ஓர் அறிஞரைக்கூட வீட்டுக்குக் கூப்பிடவில்லையே என்று கடைசியில் பயம் வந்தது. உண்மையில் தேவைப்பட்ட ஒரே ஒருவரைக் கூப்பிட்டு, அவரோடு ஒரு விஷயத்தில் தனக்கு உடன்பாடு இல்லை என்று எழுதினாள். எழுதிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாள். அந்த அறிஞர் எங்கும் இல்லை.

தாள் திரும்பி வந்தபோது பாஸ் என்று போட்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் இருந்தது: "முதல் இரண்டு காரணங்களும் வலுவானவை. மூன்றாவதற்கு எதிரான ஆதாரத்தை நான் தினமும் தலையில் சுமந்துகொண்டிருக்கிறேன்."

நாத்தனார் அந்தத் தாளை வாங்கி, தன் வாதம் வரும் பத்தியை மட்டும் உரக்கப் படித்தாள். "நல்லாத்தான் பேசியிருக்கேன்" என்றாள். சாயங்கால நாற்காலியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. எடுக்கவும் நேரம் இல்லை. நின்ற முடியைப் பார்த்துவிட்டுக் கல்லூரிப் பெண்கள் பாதிப் பேர் கடைக்குப் படையெடுத்து வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் நிற்கிற முடிதான் வேண்டுமாம். ஆமாக்கா ஒவ்வொருத்திக்கும் சுழியைத் தேடிப் பார்த்து, "உனக்கு நிக்காதும்மா" என்று காரணத்தோடு சொல்வாள். அவர்கள் கேட்டுக்கொண்டு, "பரவாயில்லக்கா, வெட்டுங்க" என்பார்கள். தலைமையாசிரியையும் வந்தார். அந்தக் கறுப்பு ஏன் வேண்டாம் என்று இந்த முறை விளக்கமாகக் கேட்டார். ஒவ்வொரு காரணத்துக்கும் தலையை ஆட்டினார். "எல்லாம் சரியாச் சொல்ற. போடு அதே கறுப்பு" என்றார்.

தாள் கைக்கு வந்த அன்று வீட்டில் குளியலறைக் குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். ஆமாக்கா வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, பாஸாயிட்டேன்."

"நல்லது."

"இன்னொண்ணு சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னால பாடத் தெரியுமான்னு கேட்டீங்களே. எனக்குப் பாட வராதுங்க."

"தெரியும்" என்றார் குழாயைப் பார்த்தபடியே.

"எப்படித் தெரியும்?"

"பாத்திரம் தேய்க்கும்போது பாடுவியே."

அதற்கு மேல் ஆதாரம் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.